விதைக்கு விடும் காய்

வீட்டுத் தோட்டத்தில் வெண்டை போட்டவர்கள் பலர் விதை எடுப்பது இப்படித்தான். ஆரம்பத்தில் காய்க்கும் நீளமான பிஞ்சுகளெல்லாம் சாம்பாருக்கும் பொரியலுக்கும் போய்விடும். செடி ஓய்ந்து இலை மஞ்சளிக்கும் நாளில், கண்ணுக்குத் தப்பி முற்றிப்போன காய் ஒன்று இலைமறைவில் அகப்படும். கறிக்கு ஆகாது, விதைக்கு ஆகட்டும் என்று அதை விட்டுவைப்பார்கள். அடுத்த பட்டத்துக்கு அதுதான் விதை.

ஒரே செடியில் முதலில் பிடித்த காய்க்கும் கடைசியில் பிடித்த காய்க்கும் தாய்வழி மரபில் வேறுபாடு கிடையாது. ஆனால் ஓய்ந்துபோன செடி கடைசிக் காய்க்குக் கொடுக்கும் ஊட்டம் குறைவு. விதை சிறுத்துவிடும், நாற்றும் நோஞ்சானாக முளைக்கும். அதைவிடப் பெரிய இழப்பு, அந்தக் காய் எந்தச் செடியில் காய்த்தது என்று யாரும் பார்க்காததுதான். ஐந்து செடிகளில் எது முந்திக் காய்த்தது, எது வெயிலுக்கு வாடாமல் நின்றது, எதில் காய் நாரோடாமல் பல நாள் இளசாக இருந்தது என்பதெல்லாம் கணக்கிலேயே வருவதில்லை. எது கண்ணில் படாமல் தப்பியதோ அது அடுத்த தலைமுறைக்குத் தாயாகிவிடுகிறது.

விதை சேர்ப்பதைப் பாக்கெட் வாங்கும் காசை மிச்சப்படுத்தும் வழியாகவே பலரும் பார்க்கிறார்கள். எனக்கு அது பயிரை வளர்த்தெடுக்கும் வேலையாகத் தெரிகிறது. எதை அடுப்புக்கு அனுப்புகிறோம், எதைச் செடியிலேயே விடுகிறோம் என்று முடிவு செய்யும் ஒவ்வொரு முறையும், தெரிந்தோ தெரியாமலோ ஒரு ரகத்தின் போக்கை நாம் மாற்றுகிறோம். காட்டில் கசந்தும் முள்ளோடும் கிடந்த செடிகள் கத்தரியாகவும் சுரையாகவும் ஆனது, பல நூறு தலைமுறைகள் இந்த ஒரு முடிவைப் பார்த்துப் பார்த்து எடுத்ததால்தான்.

கீரைப் பாத்தியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். முளைக்கீரை விதைத்தால் ஓரிரு செடிகள் மற்றவற்றை முந்திக்கொண்டு கதிர் தள்ளிவிடும். விதை சீக்கிரம் கிடைக்கிறதே என்று அவற்றிலிருந்தே உருவிக்கொண்டால், சீக்கிரம் பூக்கும் குணத்தையே நாம் தேர்ந்தெடுக்கிறோம். சில பருவங்கள் இப்படியே போனால், நாலு இலை விட்டதும் கதிருக்குப் போகும் கீரைதான் பாத்தியில் மிஞ்சும். முந்திப் பூத்ததைப் பிடுங்கிக் கடைந்து சாப்பிட்டுவிட்டு, நெடுநாள் இலையாகவே தழைத்து நிற்பதை விதைக்கு விட வேண்டும்.

வெண்டைக்கு வேறொரு சோதனை தானாகவே வந்து சேரும். கோடையில் வெள்ளை ஈ பெருகியதும் மஞ்சள் நரம்புத் தேமல் நோய் தொற்றும். முதலில் இலை நரம்புகள் வலைப்பின்னலாக மஞ்சளிக்கும், பிறகு இலையும் பிஞ்சும் வெளுத்துவிடும். நாலு செடி வெளுத்து நிற்கும்போது ஒன்று மட்டும் பச்சை மாறாமல் இருந்தால் அதன் தண்டில் ஒரு நூலைக் கட்டி வையுங்கள். அது தற்செயலாகத் தப்பியதாகவும் இருக்கலாம், நோயைச் சுமந்த ஈ அதன்மேல் உட்காராமலே போயிருக்கலாம். அதன் விதையைத் தனியாக எடுத்து, அடுத்த கோடையில் மற்ற விதைக்குப் பக்கத்திலேயே போட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். பெங்களூருவை அடுத்த ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அர்க்கா அனாமிகா என்ற வெண்டை ரகத்தை உருவாக்கியபோது, இந்த நோய்க்கான எதிர்ப்பை ஒரு காட்டு வெண்டை இனத்திலிருந்து கொண்டுவந்து சேர்த்தது. அந்த வசதி வீட்டில் கிடையாது. ஆனாலும் பார்ப்பது, குறித்துக்கொள்வது, மறுபடி விதைத்துச் சரிபார்ப்பது என்ற முறை அங்கும் இங்கும் ஒன்றுதான்.

தாய்ச்செடியைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிடலாம். தந்தை யார் என்பதுதான் கேள்வி.

தக்காளியில் அந்தக் கவலை குறைவு. பூவின் நடுவே மஞ்சள் கூம்பாகத் தெரிவது ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் மகரந்தப்பைகள். சூல்தண்டு அந்தக் கூம்புக்குள் இருக்கிறது. காற்றில் பூ அசைந்தாலே தன் மகரந்தம் தன் சூல்முடியிலேயே கொட்டிவிடும். தட்டைப்பயறு, கொத்தவரை, பீன்ஸ் ஆகியவற்றில் பூ விரிவதற்கு முன்பே சேர்க்கை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. புதிதாக விதை சேர்க்கத் தொடங்குபவர்கள் இவற்றில் தொடங்கினால் ஏமாற்றம் இராது.

வெண்டை, கத்தரி, மிளகாய் மூன்றும் இடைப்பட்டவை. தாமாகவே காய் பிடிக்கும், ஆனால் தேனீ வந்தால் அடுத்த செடியின் மகரந்தமும் வந்து சேரும். இந்தியாவில் சான்று விதை உற்பத்திக்கு வகுத்த விதிப்படி, ஒரே பயிரின் இரண்டு ரகங்களுக்கு நடுவே தக்காளிக்கு 25 மீட்டர், கத்தரிக்கு 100 மீட்டர், வெண்டைக்கு 200 மீட்டர் இடைவெளி வேண்டும். மாடித்தோட்டத்தில் 200 மீட்டருக்கு எங்கே போவது? உங்கள் சிவப்பு வெண்டைக்கும் மூன்றாவது வீட்டுப் பச்சை வெண்டைக்கும் தேனீ ஒரே காலையில் போய்வந்துவிடும். இதற்கு வழி மிகச் சுலபமானது. வெண்டைப் பூ விடிந்ததும் விரிந்து, மாலைக்குள் வாடிவிடும். நாளை விரியப்போகும் மொட்டை இன்றைக்கே அடையாளம் காணலாம்: பருத்து, நுனியில் வெளிர்மஞ்சள் இதழ் எட்டிப்பார்க்கும். மாலையில் அந்த நுனியை ஒரு தையல்நூலால் இறுக்கமில்லாமல் கட்டிவிட்டால் மறுநாள் பூ விரியாது, தேனீ நுழையாது. உள்ளே தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கும். காம்பில் வண்ணநூல் ஒன்றைச் சுற்றி வைத்தால், யாரும் அவசரத்தில் பறித்துவிட மாட்டார்கள். கத்தரிக்கும் மிளகாய்க்கும் மொட்டு நிலையிலேயே கிளைக்கு மெல்லிய வலைத்துணிப் பை மாட்டி, பூத்த நாட்களில் காலையில் கிளையை இரண்டு தட்டுத் தட்டினால் போதும்.

கொடிக் காய்கள் முற்றிலும் வேறு கதை. சுரை, பூசணி, பீர்க்கு, புடல், பாகல் ஆகியவற்றில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. மகரந்தத்தை யாராவது சுமந்து வர வேண்டும். பூசணியும் பாகலும் விடியலில் பூக்கும். பீர்க்கு மாலையில் மஞ்சளாக விரியும். சுரை பொழுது சாயும்போது வெள்ளையாகப் பூத்து, அந்துப்பூச்சிகளுக்காக இரவெல்லாம் விரிந்திருக்கும். எந்தப் பந்தலில் தேன் குடித்துவிட்டு அந்தப் பூச்சி வந்தது என்று நமக்குத் தெரியாது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். பாகற்கொடிக்குப் பக்கத்தில் போட்டதால் புடலங்காய் கசந்துவிட்டது என்பார்கள். பாகலும் புடலும் வேறு வேறு இனம், ஒன்றன் மகரந்தம் மற்றதைக் கருவுறச் செய்யாது. இனம் ஒன்றாகவே இருந்தாலும், இந்த ஆண்டு நாம் சாப்பிடும் சதை முழுக்கத் தாய்ச்செடியின் திசு. மகரந்தத்தின் கலப்பு விதைக்குள் இருக்கும் கருவில்தான் சேர்கிறது. அந்த விதையை விதைத்து, அது வளர்ந்து காய்க்கும்போதுதான் கலப்பின் குணம் நாக்குக்குத் தெரியவரும். ஆகவே கசந்த புடலுக்குக் காரணம் தேடினால், போன பருவத்தில் அதன் தாய் பூத்தபோது வேலியில் என்ன கொடி படர்ந்திருந்தது என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் விடை பேய்ப்புடலாக இருக்கும். அது நம் புடலின் காட்டு வடிவம், இரண்டும் ஒரே இனம். பேய்ப்பீர்க்குக்கும் பீர்க்குக்கும் உறவு அப்படியே. இந்தக் குடும்பத்தின் கசப்புக்குக் காரணமான குக்கர்பிட்டசின் என்ற வேதிப்பொருள் விலங்குகள் தின்னாமல் இருக்கச் செடி வைத்திருக்கும் காவல். அது அளவு மீறினால் நமக்கும் நஞ்சு, கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து உயிரிழந்தவர்கள் உண்டு. வீட்டு விதையில் விளைந்த சுரையோ பீர்க்கோ புடலோ கசந்தால், ஒரு துண்டுகூடச் சமைக்காதீர்கள். அந்தக் கொடியிலிருந்து விதையும் வேண்டாம்.

சுரைக்கு நாமே மகரந்தம் சேர்ப்பது தோட்ட வேலைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. பிற்பகலில் பந்தலடியில் நின்று மொட்டுகளைப் பார்க்க வேண்டும். பெண் மொட்டின் கீழே, மென்முடி போர்த்த குட்டிச் சுரைக்காய் ஒன்று இருக்கும். ஆண் மொட்டு வெறும் நீளக் காம்பில் நிற்கும். அன்று மாலை விரியப்போகும் வெளுத்த மொட்டுகளில் ஆணில் இரண்டு, பெண்ணில் ஒன்று பார்த்து, நுனியை நூலால் கட்டிவிடுங்கள். ஆண் மொட்டு இன்னொரு கொடியிலிருந்து எடுத்ததாக இருந்தால் இன்னும் நல்லது. இருட்டத் தொடங்கியதும் ஆண் பூவைக் கிள்ளி, இதழ்களை உரித்துவிட்டால் மகரந்தத்தூள் அப்பிய நடுத்தண்டு மட்டும் கையில் நிற்கும். பெண் பூவின் கட்டை அவிழ்த்து, உள்ளே மூன்றாகப் பிரிந்து பளபளக்கும் சூல்முடி முழுக்க அதைத் தடவ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாகப் பருக்கும். தடவி முடித்ததும் பெண் பூவை மறுபடி கட்டி, காம்பில் அடையாளநூல் சுற்றிவிடலாம். சில நாளில் குட்டிக்காய் பருத்துக் காம்பு தடித்தால் சேர்க்கை பிடித்தது என்று பொருள், மஞ்சளித்து உதிர்ந்தால் வேறு மொட்டைப் பார்க்கலாம். பிடித்த காயைக் கொடியிலேயே விட்டு, ஓடு காய்ந்து, உலுக்கினால் விதை குலுங்கும் வரை காத்திருக்க வேண்டும். அந்த ஒரு காயில் பல வீடுகளுக்கு ஆகும் விதை இருக்கும்.

கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகத்திலிருந்து விதை எடுக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். எடுக்கலாம், முளைக்கும், காய்க்கும். தாயைப் போல இராது, அவ்வளவுதான். வேறுபட்ட இரண்டு தூய வரிசைகளைக் கலந்து பெற்ற முதல் தலைமுறை எஃப் 1. அதன் ஒவ்வொரு மரபணு இணையிலும் ஒன்று தந்தை தந்தது, மற்றது தாய் தந்தது. அது தனக்குத்தானே விதை பிடிக்கும்போது இணைகள் பிரிந்து புதிதாகச் சேர்கின்றன. மெண்டல் பட்டாணியில் கண்டு 1866-இல் அச்சிட்டது இதைத்தான். ஓர் இணை மறுபடி எஃப் 1-இல் இருந்தபடியே கலப்பாக அமையும் வாய்ப்பு பாதி. பத்து இடங்களில் அப்படி வேறுபாடு இருந்தால், பத்திலும் எஃப் 1-ஐ அப்படியே ஒத்த செடி 1,024-இல் ஒன்றுதான் வரும். பொறுமை உள்ளவர்கள் அந்தக் கலவையிலிருந்து பிடித்த செடியை ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்து, ஆறேழு தலைமுறையில் நிலையான ரகமாக்கிக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு நாட்டு ரகமே நல்லது. வேளாண் பல்கலைக்கழகம் வெளியிடும் ரகங்கள் எல்லாமே ஒட்டு என்று எண்ணி ஒதுக்க வேண்டியதில்லை. பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 தக்காளி, அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்தில் செயற்கையாக மரபுமாற்றத்தைத் தூண்டி எடுத்தது. அதன் விதையைத் தாராளமாகச் சேர்க்கலாம்.

கறிக்குப் பக்குவம் வேறு, விதைக்குப் பக்குவம் வேறு. கத்தரி மஞ்சளித்துத் தோல் மங்க வேண்டும். வெள்ளரி பழுத்து நிறம் மாற வேண்டும். வெண்டை செடியிலேயே நெற்றாகி, விளிம்பில் மயிரிழை வெடிப்பு விட வேண்டும், அதற்குமேல் விட்டால் விதை கொட்டிவிடும். பாகல் பழுத்து வெடித்தால் அதற்குள் சிவந்த பசை போர்த்த விதை தெரியும், அணில் பார்ப்பதற்கு முன் எடுத்தாக வேண்டும்.

தக்காளி விதைக்கு மட்டும் ஒரு தனி வேலை உண்டு. ஒவ்வொரு விதையையும் வழவழப்பான உறை ஒன்று மூடியிருக்கிறது. ஈரமான பழத்துக்குள் கிடந்தும் விதை முளைக்காமல் இருப்பதற்கு, பழச்சாறும் அந்த உறையும் முளைப்பைத் தடுத்து வைப்பதே காரணம். நன்றாகப் பழுத்த பழத்தின் விதையைச் சாறோடு கண்ணாடி டம்ளரில் பிழிந்து, மெல்லிய துணியால் மூடி, நிழலில் வையுங்கள். நம் வெயிலுக்கு ஒரே நாளில் நுரைத்துப் புளிப்பு வாடை வரும், மேலே வெள்ளை ஆடை படியும். நொதிக்கும் நுண்ணுயிர்கள் உறையைக் கரைத்துவிடும், விதையின் மேல் ஒட்டிவரும் சில நோய்க்கிருமிகளும் குறையும். குளிர்நாட்டுப் புத்தகங்கள் மூன்று நாள், நான்கு நாள் என்று எழுதுவதை நம்பி இங்கே அத்தனை நாள் விடக்கூடாது. தடை நீங்கிய விதை டம்ளரிலேயே முளைவிடத் தொடங்கிவிடும். ஒருநாள் கழித்துப் பார்த்து, விதைகள் வழவழப்பு நீங்கிச் சொரசொரப்பாக அடியில் படிந்திருந்தால் நிறைய நீர் ஊற்றி அலசுங்கள். சண்டும் சதையும் மிதந்து போகும், கனமான விதை தங்கும். அதைத் தட்டில் பரப்ப வேண்டும். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும்.

உலர்த்துவதில்தான் விதையின் ஆயுள் இருக்கிறது. விதைக்குள் உயிர் நின்றுவிடவில்லை, மிக மெதுவாகச் சுவாசித்துக்கொண்டிருக்கிறது. ஈரம் இருந்தால் அந்தச் சுவாசம் வேகமெடுத்து, முளைக்கருவுக்காகச் சேர்த்துவைத்த உணவைத் தின்று தீர்க்கும். ஈரம் இறங்க இறங்க உயிரணுக்களின் உள்ளிருக்கும் சர்க்கரைகளும் சில சிறப்புப் புரதங்களும் கெட்டிப்படுகின்றன. பாகு ஆறிக் கண்ணாடிபோன்ற மிட்டாயாக இறுகுவதைப் போல உள்ளிருப்பதெல்லாம் அசையாமல் உறைகிறது. அந்த நிலையில் வேதிவினைகள் ஏறத்தாழ நின்றுவிடுவதால் விதை கெடாமல் காத்திருக்க முடிகிறது. சாக்கடல் கரையில் மசாடா கோட்டையில் கிடைத்த, ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையான பேரீச்ச விதை ஒன்று 2005-இல் முளைத்தது. அதைக் காத்ததில் அந்த இடத்தின் வறட்சிக்குப் பெரும்பங்கு உண்டு.

அமெரிக்க விதை அறிவியலாளர் ஜேம்ஸ் ஹாரிங்டன் வகுத்த எளிய கணக்கு ஒன்று உண்டு. விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், வைக்கும் இடத்தின் வெப்பம் ஏறக்குறைய 5 பாகை குறைந்தாலும் இரட்டிக்கும். 12 சதவீத ஈரத்தில் இருக்கும் விதையை 8 சதவீதத்துக்கு இறக்கினால் நான்கு முறை இரட்டித்து, ஆயுள் 16 மடங்காகும். 30 பாகையிலிருந்து 10 பாகைக்குக் கொண்டுபோனால் இன்னொரு 16 மடங்கு. தோராயக் கணக்குதான், 5 சதவீத ஈரத்துக்குக் கீழே இது பொருந்தாது. ஆனாலும் ஃப்ரிட்ஜில் வைப்பதா, நன்றாகக் காயவைப்பதா என்று குழம்புகிறவர்களுக்கு இதில் விடை இருக்கிறது. முதலில் காயவைக்க வேண்டும். ஈரவிதையை ஃப்ரிட்ஜில் வைப்பதால் பயனில்லை.

காயவைப்பதிலும் அவசரம் கூடாது. சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தரை 50 பாகையைத் தாண்டிவிடும், ஈரவிதை அந்தச் சூட்டில் உயிரிழக்கும். இரண்டு நாள் நிழலில் ஆறவைத்து, பிறகு காலை வெயிலிலும் மாலை வெயிலிலும் மட்டும் காட்ட வேண்டும். சுரை விதையை வளைத்தால் பட்டென்று ஒடிய வேண்டும், தட்டைப்பயற்றில் நகம் இறங்கக் கூடாது. காய்ந்த விதையைத் திறந்து வைத்தால் ஐப்பசி மழைக்காற்றிலிருந்து ஈரத்தைத் திரும்ப உறிஞ்சிவிடும். காற்றுப் புகாத கண்ணாடி ஜாடியில், நன்றாக வறுத்து ஆறவைத்த அரிசியை ஒரு கைப்பிடி போட்டு, அதன்மேல் விதைப் பொட்டலங்களை வைத்து மூடினால் மிச்ச ஈரத்தையும் அரிசி இழுத்துக்கொள்ளும்.

எல்லா விதைக்கும் இது பொருந்தாது. உலர்த்தினால் காக்கலாம், உலர்த்தினால் சாகும் என்று விதைகளை இரண்டு வகையாக 1973-இல் பிரித்துக் காட்டியவர் இ.எச். ராபர்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் அறிவியலாளர். பலாக்கொட்டை இரண்டாவது வகை. சௌசௌவும் அப்படியே, அதன் விதை காய்க்குள்ளேயே முளைவிடும், முளைவிட்ட காயை முழுசாக நடுவதுதான் வழி. வெங்காய விதையை உலர்த்தலாம், ஆனால் நம் தட்பவெப்பத்தில் ஓராண்டுக்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

பயறு வகைகளுக்கு ஈரத்தைவிடப் பெரிய எதிரி பயறு வண்டு. அது கொடியில் நெற்று நிற்கும்போதே முட்டையிட்டு, விதையோடு வீட்டுக்குள் வந்துவிடுகிறது. சலித்த அடுப்புச் சாம்பலில் விதையைப் புரட்டி வைக்கும் பழக்கத்துக்கு நல்ல காரணம் இருக்கிறது. வண்டின் உடலை மூடியிருக்கும் மெழுகுப் படலத்தைச் சாம்பல்துகள் உராய்ந்து போக்குவதால் அது நீரிழந்து சாகிறது. விதைகளுக்கு இடையிலுள்ள சந்தையும் சாம்பல் அடைத்துவிடுவதால் இணைசேர இடமில்லை. துவரைக்குச் செம்மண் கட்டுவதும் இதே வேலையைச் செய்கிறது. வசம்புப் பொடியும் உதவும். விறகடுப்பு இல்லாத வீட்டில், நன்றாகக் காய்ந்த பயற்றை மூடிய டப்பாவில் ஃப்ரீசரில் ஒருவாரம் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும்.

ஐந்தாறு செடியில் விதை எடுத்தால் ரகம் நலிந்துவிடாதா? தக்காளி, பயறு வகைகளுக்கு நலியாது, தம்மோடு தாமே சேர்ந்து பழகியவை அவை. கொடிக் காய்களும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். முள்ளங்கி தாங்காது, தன் மகரந்தத்தையே அது ஏற்பதில்லை, பல செடிகள் சேர்ந்து பூத்தாக வேண்டும். இடமில்லாதவர்களுக்கு வழி, ஒரே ரகத்தை நாலைந்து வீடுகளில் வளர்த்து விதையைக் கலந்துகொள்வது. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், தன் நிலத்தில் விளைந்த விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பிறரோடு பகிரவும் மாற்றிக்கொள்ளவும் உழவருக்கு உள்ள உரிமையைத் தெளிவாக எழுதிவைத்திருக்கிறது. பொட்டலத்தின் மேல் ரகத்தின் பெயர், எடுத்த மாதம், தாய்ச்செடியைப் பற்றி ஒரு வரி எழுதிக் கொடுத்தால் வாங்குகிறவருக்கு அது விதையளவுக்கே பயன்படும்.

ஆடிப்பட்டத்துக்கு மூன்று வாரம் முன்னதாக ஜாடியைத் திறந்து சோதித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு பொட்டலத்திலும் 20 விதை எடுத்து, ஈரத்துணியில் வரிசையாக வைத்துச் சுருட்டி, துணி காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெண்டையும் தட்டைப்பயறும் ஒரு வாரத்தில் சொல்லிவிடும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் இரண்டு வாரம் கொடுங்கள். புதிதாக எடுத்த கத்தரி விதை சில வாரம் உறங்கும் என்பதால் உடனே கைவிட வேண்டாம். பாகல், புடல் விதையின் ஓரத்தை நகவெட்டியால் லேசாகக் கிள்ளி ஊறவைத்தால் தடித்த தோல் வழிவிடும். 16-க்கு மேல் முளைத்தால் வழக்கம்போல் ஊன்றலாம். பத்து முளைத்தால் குழிக்கு இரட்டிப்பாகப் போட்டு, அந்த ரகத்தை இந்தப் பட்டத்திலேயே விதைக்கு வளர்த்துப் புதுப்பித்துவிட வேண்டும். ஐந்தோ ஆறோதான் முளைத்தது என்றால் இருக்கும் விதை முழுவதையும் நாற்றங்காலில் போட்டுவிடுங்கள். தேறிவரும் செடிகளில் நல்ல காய்கள் எல்லாமே இந்த முறை விதைக்குத்தான், சாம்பாருக்குச் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம்.